அது என்ன தவறு செய்தது?

2017-ஆம் ஆண்டு மே மாதம் அது. நாக்பூரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் கோடை விடுமுறைக்குச் சிங்கப்பூர் சென்றிருந்தது. தந்தை, தாய், ஏழு வயது மகன், நான்கு வயது மகள். காலையிலிருந்து மிருகக்காட்சிசாலையைச் சுற்றிக் களைத்தவர்கள், கடைசியாக இனூக்கா என்னும் பனிக்கரடியின் இருப்பிடத்தை அடைந்தனர். தடித்த கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெரிய உடல் அசைவின்றிக் கிடந்தது. சிறுமி கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு கேட்டாள்: "அப்பா, இது என்ன தவறு செய்தது?"

அடைத்து வைப்பது தண்டனை என்பதே அவள் அறிந்தது. தந்தை சொன்னார்: "தவறு ஒன்றும் செய்யவில்லையம்மா. இங்கே இதைப் பாதுகாப்பாக வைத்திருக்கிறார்கள்."

"அப்படியென்றால் கதவைத் திறந்து விட்டால் வீட்டிற்குப் போய்விடுமா?"

தந்தையிடம் பதில் இல்லை. "வா, ஐஸ்கிரீம் சாப்பிடலாம்" என்று அழைத்துச் சென்றுவிட்டார். நம்மில் பெரும்பாலோர் அதைத்தான் செய்திருப்போம். ஆயினும், பதிலற்றுப்போன அந்தக் கேள்வி சற்று நின்று சிந்திக்கத் தக்கது.

இனூக்கா 1990-ஆம் ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரிலேயே பிறந்தது. வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி என்று அதைச் சொல்வார்கள். வட துருவத்தின் பனிவெளியை அது கண்டதே இல்லை. 2004-இல் இனூக்காவின் உரோமமும் அதன் தாயான ஷீபாவின் உரோமமும் பச்சை நிறமாயின. பனிக்கரடியின் உரோமம் உட்புறம் குழல்போல் வெற்றிடம் உடையது. வெம்மையும் ஈரமும் மிக்க அந்தக் காற்றில் பாசி அதனுள்ளேயே குடியேறிவிட்டது. 2006-இல் நிர்வாகத்தினர், இனிப் பனிக்கரடிகளைக் கொண்டுவருவதில்லை என்று முடிவு செய்தனர். இனூக்காவைக் குளிர்நாடு ஒன்றிற்கு அனுப்பும் யோசனையும் எழுந்தது. ஆனால் அங்கே பிறந்து வளர்ந்த உடலுக்கு இடமாற்றமே துன்பமாகும் என்று பின்னர் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக 2013-இல் குளிரூட்டப்பட்ட அறையும் குளமும் கொண்ட புதிய இருப்பிடம் அமைத்துத் தந்தார்கள்.

இங்கே கொடியவர் எவரும் இல்லை. கவனித்தவர்கள் அன்போடுதான் கவனித்தார்கள். கதவைத் திறந்தாலும் போவதற்கு வீடில்லாத ஓர் உயிரை உருவாக்கிய செயல் மட்டும் எங்கோ பின்னால், யாருடைய கணக்கிலும் எழுதப்படாமல் நிற்கிறது. 'நான் செய்யவில்லை' என்று ஒவ்வொருவரும் உண்மையாகவே சொல்ல முடிகின்ற இத்தகைய தவறுகள்தாம் அறநெறிச் சிந்தனைக்குக் கடினமானவை. நுழைவுச்சீட்டு வாங்கியவருக்கு அதில் பங்கு உண்டா? சிறிதளவேனும் உண்டு என்றே சொல்ல வேண்டும்.

அந்த மிருகக்காட்சிசாலை 1973-இல் திறக்கப்பட்டபோதே கம்பிகளைத் தவிர்த்து, அகழிகளையும் மரஞ்செடிகளையும் தடுப்பாகக் கொண்டது. இம்முறையைப் புகழ்பெறச் செய்தவர் ஜெர்மானியரான கார்ல் ஹாகன்பெக். 1907-இல் ஹாம்பர்க் நகருக்கு அருகே அவர் அமைத்த பூங்காவில் சிங்கத்திற்கும் பார்வையாளருக்கும் இடையே அகழி மட்டுமே இருந்தது. விலங்குக்கு இதனால் கிடைத்த விசாலம் நன்மையே. ஆனால் கம்பி மறைந்ததில் அதிக நிம்மதி அடைந்தவர் பார்வையாளர் அல்லவா? தடை அப்படியே இருக்கிறது. தடை இருப்பது கண்ணில் படாமல் போய்விட்டது. வேதாந்தம் பயின்றவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. அதே ஹாகன்பெக், தொலைதூர நாடுகளின் மக்களையும் அழைத்து வந்து கட்டணம் வாங்கிக் காட்சிக்கு வைத்தவர். 1906-இல் நியூயார்க்கில் ஓட்டா பெங்கா என்ற ஆப்பிரிக்கர் குரங்குகளின் இல்லத்திலேயே காட்சிப்பொருளாக்கப்பட்டார். பார்க்கப்படுவதற்கென்றே ஓர் உயிரை நிறுத்திவிட்ட பிறகு, அது எந்த உயிர் என்பது பெரிய வேறுபாடாகத் தோன்றுவதில்லை போலும்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அரேபிய ஓரிக்ஸ் என்னும் மான் இனம் 1972-இல் இயற்கைச் சூழலிலிருந்து அடியோடு மறைந்தது. மிருகக்காட்சிசாலைகளில் பேணி வளர்க்கப்பட்டவற்றின் வழித்தோன்றல்களே 1982-இல் ஓமன் பாலைவனத்தில் மீண்டும் விடப்பட்டன. மங்கோலியாவின் காட்டுக்குதிரைகளும் அவ்வாறே 1992 முதல் தாயகம் திரும்பின. எல்லாக் கூண்டுகளையும் ஒரே தீர்ப்பில் அடக்கிவிட முடியாது.

இந்த இடத்தில் ஸ்ரீராமகிருஷ்ணரின் வாழ்க்கையில் நிகழ்ந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. அவர் கல்கத்தா மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். சிங்கத்தைக் கண்டதுமே அன்னையின் வாகனம் என்ற நினைவு பொங்கி, புறவுணர்வை இழந்தார். மற்ற விலங்குகளை யார் பார்ப்பது? சிங்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியதாகப் பின்னர் அவரே கூறினார். பக்தர்கள் இதனைப் பரவச நிலைக்குச் சான்றாகவே படிக்கிறோம். இன்னொன்றும் இதில் இருக்கிறது. அன்று அங்கே வந்த எத்தனையோ பேருக்கு அந்தச் சிங்கம் ஒரு காட்சிப்பொருள். அவர் ஒருவருக்கு அது காட்சிப்பொருளாக இல்லை. காண்பவன், காணப்படுவது என்ற பிரிவை நமது சாஸ்திரங்கள் நுணுக்கமாக ஆராய்கின்றன. மிருகக்காட்சிசாலையில் நாம் காண்பவர்களாக மட்டுமே இருக்கிறோம். எதிரே இருப்பதும் காண்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். நான்கு வயதுச் சிறுமி அதை மறக்கவில்லை. 'இது' என்றுதான் சொன்னாள். ஆனால் தவறு செய்யக்கூடிய, வீடு திரும்ப விரும்பக்கூடிய ஒருவராக அதைக் கருதியே கேட்டாள்.

ஸ்ரீராமகிருஷ்ணர் மிருகக்காட்சிசாலைகளைக் கண்டித்தார் என்று இதிலிருந்து யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. அவர் அதுபற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுவாமி விவேகானந்தரும் பிற்காலத்தில் அதே மிருகக்காட்சிசாலைக்குச் சென்றார். அதன் கண்காணிப்பாளர் ராமபிரம்ம சான்யாலோடு பரிணாமக் கொள்கை பற்றி ஆர்வத்துடன் உரையாடினார். வாழ்க்கைப் போராட்டம் என்ற விதி விலங்குலகிற்குப் பொருந்தலாம், மனிதன் உயர்வது தியாகத்தால் என்பது அங்கிருந்து திரும்பிய பின் சுவாமிஜி விளக்கிய கருத்து. அந்த அளவுகோலை நுழைவுச்சீட்டு வாங்குமிடத்திற்கும் நாம் எடுத்துச் செல்லலாம்.

எஞ்சியிருப்பது தந்தையின் மௌனம். குழந்தையின் உல்லாச நாளைக் கெடுக்க வேண்டாம் என்பது அவரது எண்ணம். உண்மையைச் சொல், இனிமையாகச் சொல், இனிமைக்காகப் பொய் சொல்லாதே என்று தர்ம சாஸ்திரம் கூறுகிறது. அவர் பொய் சொல்லவில்லை; பேச்சை மாற்றினார். பெரியவர்களின் அவ்வழக்கம் குழந்தைகளுக்கு ஒன்றைக் கற்பிக்கிறது: மனத்தை உறுத்தும் கேள்விக்கு விடை, வேறொரு பொருளை வாங்கிக் கொள்வது.

ஓராண்டு சென்றது. 2018 ஏப்ரல் 25 அன்று, மூட்டுவாதத்தாலும் முதுமையின் பிற நோய்களாலும் தளர்ந்திருந்த இனூக்காவை மயக்க மருந்து கொடுத்து மருத்துவர்கள் பரிசோதித்தனர். அதன் துன்பத்தை நீட்டிக்க வேண்டாம் என்று, அந்த மயக்கத்திலிருந்து எழுப்பாமலே விட்டனர். அதற்கு வயது இருபத்தேழு. சபர்மதி ஆசிரமத்தில் 1928-இல் நோயால் துடித்த கன்றுக்கு ஊசி போட்டு உயிர்விடச் செய்த காந்தியடிகளும், அதற்காக நாடெங்கும் எழுந்த கண்டனமும் சிலருக்கு நினைவு வந்திருக்கலாம்.

செய்தியைப் படித்த தந்தை இம்முறை மகளை அருகே அழைத்து உட்காரவைத்தார். கரடி இறந்ததைச் சொன்னார். பிறகு, "அன்று நீ ஒரு கேள்வி கேட்டாய். கதவைத் திறந்திருந்தாலும் அதற்குப் போக வீடு இல்லை. அது பிறந்ததே அங்கேதான். அதை அப்படி வைத்தது மனிதர்கள், பார்க்கப் போனவர்களில் நாமும் இருந்தோம்" என்றார்.

சிறுமி நெடுநேரம் பேசவில்லை. பின்னர் கேட்டாள்: "நாம் பார்க்க வந்தது அதற்குத் தெரியுமா அப்பா?"

"தெரிந்திருக்கும்" என்றார் அவர்.