புகை போன இடம்

மின்சார ஸ்கூட்டர் அன்றாடப் பிரயாணத்துக்கு உதவுமா? பேஷாக உதவும். தினம் 20 கிலோமீட்டர் போய்வருகிறவர் நாலு நாளைக்கொரு முறை ராத்திரியில் மின்சாரம் ஏற்றினால் போதும். 100 கிலோமீட்டருக்குச் சுமார் 3 யூனிட்தான் செலவு. (மாடிக் குடித்தனக்காரர் ஒயரை எப்படி இறக்குவார் என்பது தனிக் கதை.)

என்னை உறுத்துவது வேறு. "புகையே கிடையாது, ஸார்!" என்கிறார்கள். அண்ணாசாலையில் கிடையாது, அவ்வளவுதான். நம் மின்சாரத்தில் ஒரு பங்கு, 1994 முதல் ஓடும் வடசென்னை அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரித்து வருவது. இந்திய நிலக்கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அது செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்குப் போகிறது. வழியில் குழாய் கசிந்து கொசஸ்தலையாற்றிலும் கலந்திருக்கிறது. அந்த ஆற்றில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கிறவர்கள் நம்மிடம் ஸ்கூட்டர் கேட்கவில்லை. சாம்பலையும் கேட்கவில்லை.

அதற்காகப் பெட்ரோலுக்குத் திரும்புவதா? அதுவும் நியாயமில்லை. நிலக்கரி மின்சாரத்தில் ஓடினாலும் இந்தச் சின்ன வண்டி வெளிவிடும் கரிவாயு மொத்தத்தில் குறைவே. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளும் கை கொடுக்கின்றன. ஆனால் குழாயைச் செப்பனிட்டு ஆற்றைத் தூர்வாரும் செலவை மின்கட்டணத்தில் சேர்த்தால், வண்டி வைத்திருப்பவர்கள் முணுமுணுக்காமல் கட்டவேண்டும் என்பது என் கட்சி.