கனவில் மீளும் பழந்துயர்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாட் காலையில் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையிற் புகுந்து, அம்மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 6,000 உயிர்களை வாரிச் சென்றது. பிழைத்தோருள் ஒருவன், மகவின் கை தன் கையினின்று நழுவிய அக்கணத்தையே இரவுதோறுங் கனவிற் கண்டு அலறி எழுவானாயின், அக்கனவு அவன்மேற் குற்றஞ் சாற்றுவதாகுமோ என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

ஆகாதென்க. யாங்ஙனமெனின், நனவிற் புருவநடுவில் 35 கருவிகளோடு நின்று அறியும் உயிர், கனவிற் கண்டத்தானத்தில் 25 கருவிகளோடு நிற்கும். ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் ஆண்டு இல்லை. கண்ணுங் கையுந் தொழிற்படாத நிலையிற் காண்பது, பண்டு பதிந்த அச்சத்தின் நிழலேயன்றி நிகழ்ந்ததற்குச் சான்றன்று. கனவில் அவன் கையை விட்டவனாகத் தோன்றலாம். நனவிற் பறித்தது நீர்.

கனவிலும் வினைப்பயன் நுகரப்படுமாதலின் அதனைப் பொறுத்திருத்தலே முறை என்பாருமுளர். வெப்புநோயும் வினைப்பயனே, அதற்கு மருந்துண்ண அவர் மறுப்பதில்லை!

இக்கால மருத்துவர் கையாளும் முறையொன்று சித்தாந்திகட்கு முற்றும் புதிதன்று. பகலில் அக்கனவை எழுதுவித்து, அதன் போக்கை வேறாக மாற்றச்செய்து, மாற்றியதனையே நாடோறுஞ் சிறிதுபோது உள்ளத்திற் பாவித்துவரச் சொல்வர்; பலர்க்குக் கனவின் கொடுமை தணிகின்றது. கருட பாவனையால் விடந் தீர்ப்பான் உவமையைக் கற்றோர்க்கு இதன் இயல்பு எளிதின் விளங்கும். ஆயின் மாறுவது கனவே. மகவை இழந்த துயரம் அங்ஙனம் மாறுவதன்று. அவன் அலறி எழும் பொழுதில் விளக்கேற்றி, நீரருந்தத் தந்து, அவன் இருக்குமிடம் தன் வீடே என்று மெல்லச் சொல்லுதற்கு ஒருவர் அருகிருத்தல் வேண்டும். அது மருத்துவர் வரும்வரை காத்திராது.