பெரிய மீன்

உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்களின் காணொளிகளை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பார்க்கிற ஆள் நான். நோணாங்குப்பத்தில் ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள் கொட்டுகிற ஐஸ்தான். ஆனாலும் பின்லாந்தில் துளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும், சுண்ணாம்பாற்றுப் பாலத்தடியில் தூண்டில் போடுகிறவரும் செய்வது ஒரே வேலை. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிருக்கு இப்போது என்ன தோன்றும் என்று யோசிப்பது.

அங்கே நடந்து போகவே குறைந்தது நாலு அங்குலக் கெட்டிப் பனி வேண்டும். குளிரில் மீனின் உடம்பு மந்தமாகிவிடும், துரத்திப் போய்த் தின்னாது. அதனால் சின்ன இரை, மெல்லிய நரம்பு, மெதுவான அசைவு. இங்கே கடல்தண்ணி ஆற்றுக்குள் ஏறி வடிவதுதான் கடிகாரம். கொடுவா ஏதாவது மறைவில் ஒதுங்கி நின்று, நீரோட்டம் கொண்டுவரும் இரைக்குக் காத்திருக்கும். உயிர் இறாலைக் கோத்து அங்கே மிதக்கவிட வேண்டும். "உடனே இழுத்துடாத தம்பி, முழுங்கட்டும்" என்பார் பக்கத்தில் நிற்கிற பெரியவர்.

இதெல்லாம் மீனைப் பற்றிய அறிவு. அதன் பசியைத் தெரிந்துகொண்டு, அந்தப் பசியையே பொறியாக்குகிறோம். இது சரியா?

"திங்கத்தானே புடிக்கிறோம்" என்பது பழைய பதில். பிடி, போட்டோ எடு, திரும்ப விட்டுடு என்பது புதுப் பதில். ரெண்டாவதுதான் கருணை போலத் தெரியும். ஆனால் சுவிட்சர்லாந்துச் சட்டம் அதைத்தான் தடுக்கிறது. விட்டுவிடும் எண்ணத்தோடு தூண்டில் போடக் கூடாது. 2003இல் லின் ஸ்னெடன் குழுவினர் டிரவுட் மீனின் தலையில் வலியை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். மீன் அந்த வலியை எப்படி அனுபவிக்கிறது என்ற வாதம் ஓயவில்லை. அனுபவிக்கிறது என்றே வைத்துக்கொண்டால், சோற்றுக்காகக் கொடுக்கும் வலிக்கு ஒரு காரணம் இருக்கிறது. போட்டோவுக்காகக் கொடுப்பதற்கு?

நான் சுவிஸ்காரர் பக்கம்தான். ஆனால் கொடுவா அந்த வாதத்துக்குள் முழுசாக அடங்கவில்லை. அது பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறுகிற மீன். ஆக, எல்லாரும் தூக்கிப்பிடித்துப் படம் எடுக்கிற பெரிய கொடுவா அநேகமாகத் தாய். லட்சக்கணக்கில் முட்டையிடக்கூடியது. நாம் வெற்றி என்று சொல்வது ஆற்றுக்குப் பெரிய நஷ்டம்.

அப்படியானால் தின்னத்தான் பிடிக்க வேண்டும், ஆனால் தாயை விட வேண்டும். அந்த முடிவை மீன் சிக்கிய பிறகு எடுக்க முடியாது. பெரியவர் சொன்னபடி முழுங்கவிட்டால் முள் குடல் வரைக்கும் போய்விடும். பிறகு விட்டாலும் பிழைப்பது அரிது. வரப்போவது சின்னதா பெரிசா என்று முன்கூட்டித் தெரியாது. எனவே ஒவ்வொரு தடவையும் சீக்கிரமே சுண்ட வேண்டும். அதில் பாதி மீன் தப்பிக்கும். கருணைக்கான விலை அது. மற்றதெல்லாம் சுலபம்: கொக்கியின் எதிர்முள்ளை நசுக்கிவிடுவது, ஈரக் கையால் தொடுவது, தண்ணிக்குள் வைத்தே கழற்றுவது.

இதைப் பெரியவரிடம் சொல்வேனா? மாட்டேன். பெரிய கொடுவா அவருக்கு ஒரு வாரச் செலவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்தச் சுமை மீன்பிடித்துப் பிழைக்கிறவர்கள் மேல்தான் விழுகிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு வருகிற என் மேல் எதுவும் விழவில்லை. நஷ்டத்தைத் தாங்க முடிந்தவன்தான் முதலில் விட வேண்டும்.

நடுத்தர கொடுவா கிடைத்தால் குழம்பு. பெரிசு கிடைத்தால் ஆற்றுக்கே. போட்டோ எடுப்பதில்லை. வீட்டில் யாரும் நம்புவதும் இல்லை.