அபயதானம்

தானங்களைக் குறித்து நாம் அடிக்கடி பேசுகின்றோம். அன்னதானம், வஸ்திரதானம், ஔஷததானம், வித்தியாதானம் என்பன யாவரும் அறிந்தவை. இவற்றைக் கொடுப்பதற்குக் கையில் ஏதேனும் ஒரு பொருளோ கல்வியோ இருத்தல் வேண்டும். ஏதுமில்லாதவனும் கொடுக்கத்தக்க தானம் ஒன்றுண்டு. அதுவே அபயதானம். அங்குத்தர நிகாயத்தின் எட்டாம் தொகுதியில் பகவான் பஞ்சசீலங்களை மகாதானங்கள் என்றே எடுத்துரைக்கின்றார். உயிர்க்கொலையினின்று விலகியவன் அளவிறந்த உயிர்களுக்கு அச்சமின்மையை வழங்குகின்றான். வழங்கிய அச்சமின்மையில் தானும் பங்கு பெறுகின்றான் என்பது அவ்வுபதேசத்தின் சாரம்.

கொல்லாதிருத்தல் இத்தானத்தின் முதற்படி. அடுத்த படி யாது? முன்னரே அஞ்சி ஒடுங்கிக் கிடக்கும் ஓர் உயிரின் அச்சத்தை நீக்குவதேயாகும். இது எத்துணை அரிய செயல் என்பதை நமக்குக் கற்பித்தது ஒரு பூனை. பூனையிடம் பாடங்கேட்டோம் என்று சொல்ல நாம் நாணவில்லை.

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், சித்தூர் வட்டத்தில், கோயம்புத்தூர் எல்லையை ஒட்டியிருப்பது வடகரப்பதி. கேரள நாட்டின் மற்றப் பகுதிகளைப் போல மழை செழித்த ஊரன்று. பனையும் தென்னையும், நிலக்கடலையும், தமிழ்ப் பேச்சும் உள்ள வறண்ட பூமி. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசுங் காற்றில் பனையோலைகள் சடசடவென்று இரவெல்லாம் ஒலிக்கும்.

நம் அன்பர் சிலர், கைவிடப்பட்ட பிராணிகளைப் பேணும் காப்பகம் ஒன்றில் வாரந்தோறும் தொண்டு செய்து வருகின்றனர். அங்கே சாம்பல் நிறத்தில் வரிகளுடைய பெண்பூனை ஒன்று இருந்தது. யாரோ அதைச் சாக்கில் கட்டிச் சாலையோரம் விட்டுச் சென்றனர். வீட்டுக்கு வேண்டாத பூனையைச் சாக்கிலிட்டு ஆற்றுக்கு அப்பால் விட்டுவருவது நம் ஊர்களில் பழைய வழக்கம். அதைப் பாவமென்று பலர் எண்ணுவதுமில்லை. அப்பூனை கூண்டின் பின்மூலையில் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடக்கும். பூனை வேண்டி வருவோர் துள்ளும் குட்டிகளையே எடுத்துச் சென்றனர். எட்டு மாதங்கள் இவ்வாறு கழிந்தன. ஒருமுறை ஒரு குடும்பத்தார் இரங்கி எடுத்துச் சென்று, நான்காம் நாளே திருப்பிக் கொணர்ந்தனர். கட்டிலின் கீழ் ஒளிந்ததை இழுத்தார்களாம், கையைக் கீறிவிட்டதாம். "நன்றிகெட்ட ஜந்து" என்று சொல்லிச் சென்றனர்.

அன்பர்களே! இச்சொல்லைச் சற்று ஆராய்வோம். அச்சம் ஒரு குற்றமா? மச்சிம நிகாயத்துப் பயபேரவ சுத்தத்தில் பகவான் தம் வரலாற்றையே ஜானுஸ்ஸோணி என்னும் அந்தணருக்குச் சொல்கின்றார். போதியடைவதற்கு முன் அச்சந்தரும் வனங்களில் இரவில் தனித்திருந்தபோது, மான் ஒன்று வரும். மயில் ஒரு சுள்ளியை முறித்து வீழ்த்தும். காற்று உதிர்ந்த சருகுகளைச் சலசலக்கச் செய்யும். "இதோ வருகின்றது அச்சம்" என்று உள்ளம் நடுங்கும். நடக்கும்போது அச்சம் வந்தால் நடந்துகொண்டே, அமர்ந்திருக்கும்போது வந்தால் அமர்ந்தபடியே அதனை அடக்கினார் அம்மகாபுருஷர். போதிசத்துவரையே தீண்டிய அச்சம் ஒரு பூனையைத் தீண்டுவது வியப்பாகுமா? அவருக்கு அதனை வெல்லும் ஞானமுயற்சி இருந்தது. வாயில்லா ஜீவனுக்கு அது இல்லை. அதனாலன்றோ நம் துணை அதற்கு வேண்டியிருக்கின்றது!

காரணமின்றி எதுவும் தோன்றாது என்பது தம்மத்தின் அடிப்படை. அச்சத்துக்கும் சார்பு உண்டு. பூனைக்குட்டி பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை உள்ள காலமே அது மனிதரோடு பழகும் பருவம் என்று பிராணி நூலார் கண்டுள்ளனர். அப்பருவத்தில் அன்பான கையை அறியாத குட்டிக்குப் பிற்காலத்தில் எந்தக் கையும் பகையாகவே தோன்றும். பின்னர்ச் சாக்கு, இருள், அந்நிய இடம், நாய்களின் குரல் எல்லாம் சேர்ந்தால் சொல்லவும் வேண்டுமோ? காரியத்தைக் கடிவதால் பயனில்லை. காரணத்தை நீக்குதல் வேண்டும்.

திருப்பிக் கொணரப்பட்ட பின், அதற்கு மீண்டும் ஓர் இல்லந் தேட முற்பட்டபோது நமக்கு ஒரு சோதனை வந்தது. "சாதுவான பூனை, மடியில் உறங்கும் என்று சொல்லிவிட்டால் யாரேனும் கொண்டு செல்வர், பிறகு பழகிக்கொள்ளும்" என்றார் ஒருவர். நல்ல நோக்கமே. ஆயினும் நான்காம் சீலம் அதற்கு இடந்தரவில்லை. காலமறிந்து, மெய்யாய், இனிதாய், பயனுடையதாய், மைத்திரியோடு சொல்லப்படுவதே நற்சொல் என்பது பகவான் வகுத்த ஐந்து இலக்கணம். இவற்றுள் மெய் என்ற ஒன்றை நீக்கினால், ஏமாந்தவர் சினங்கொள்வர். அச்சினம் பூனையின் தலையில் விழும். பொய்யால் கிடைக்கும் வீடு நான்கு நாள் வீடு என்பதை முன்னரே கண்டோமல்லவா? ஆகவே, "இது ஒளியும், மாதக்கணக்கில் முகங்காட்டாமலும் இருக்கலாம், மடிக்கு ஒருபோதும் வராமலும் போகலாம்" என்று வருவோரிடமெல்லாம் உள்ளபடியே கூறினோம். பலர் தலையசைத்துச் சென்றனர்.

வடகரப்பதியிலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். மக்கள் கோயம்புத்தூரில் வேலையிலிருக்க, அவர் கடலை மூட்டைகளையும் இரண்டு பசுக்களையும் காத்துக்கொண்டு தனித்து வாழ்பவர். எலித் தொல்லைக்காகவே பூனை கேட்டார். நாம் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது பாட்டுக்கு ஒளிஞ்சு இருக்கட்டுங் கண்ணு. எனக்கு மட்டும் என்ன அவசரம்?" என்றார். எட்டு மாதங்களாக நாம் எதிர்பார்த்த சொல் அதுவே.

அவ்வம்மையார் செய்ததை இல்லறத்தார் யாவரும் அறிதல் நலம். வீடு முழுவதையும் திறந்துவிடாமல் சிறிய உள்ளறை ஒன்றையே முதலில் கொடுத்தார். ஒரு கூடையைப் பக்கவாட்டில் சாய்த்து, பழஞ்சேலையை விரித்து வைத்தார். உணவும் நீரும் ஒரு மூலையில். மணல் நிரப்பிய தட்டு எதிர்மூலையில். ஒளிய இடங்கொடுத்தால் ஒளிந்தே கிடக்குமென்று நாம் எண்ணுகின்றோம். உண்மை வேறு. நெதர்லாந்து நாட்டு உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளுள் 10 பூனைகளுக்கு மறைவுப் பெட்டி வைத்தனர். 9 பூனைகளுக்கு வைக்கவில்லை. பெட்டி பெற்றவை சில நாட்களிலேயே மன அமைதி எய்தின. மற்றவற்றுக்கு அதிக நாட்கள் சென்றன. புகலிடம் உண்டென்று அறிந்த உயிரே வெளியே வரத் துணிகின்றது. சரணம் என்ற சொல்லின் பொருளை அறிந்த நமக்கு இது புதிதன்றே!

உணவைப் பற்றியும் ஒரு சொல். சீலம் காப்போர் சிலர் பூனைக்குத் தயிர்ச்சோறு மட்டுமே இடுவர். அது தவறு. பூனையின் உடல் ஊனுணவுக்கென்றே அமைந்தது. அதிலுள்ள சத்து கிடைக்காவிடில் கண்பார்வையும் இருதயமும் கெடும். அதன் இயல்பை நம் விரதத்தால் தண்டித்தல் கருணையாகாது. அவ்வம்மையார் மத்தி மீனை உப்பிடாமல் வேகவைத்துக் கொடுத்தார்.

மாலையில் விளக்கேற்றியதும் அவ்வறையின் வாயிற்படியில் அமர்ந்து கடலை உரிப்பார். பூனையை அழைக்கமாட்டார், உற்றுப் பார்க்கவும் மாட்டார். பூனைக்கு உற்றுநோக்கு அச்சுறுத்தலாகும். கண்களை மெல்லச் சுருக்கி மூடித் திறந்தால் அவை அதனை நட்பின் குறியாகக் கொள்கின்றன என்று இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தார் 2020ஆம் ஆண்டு வெளியிட்டனர். நூலறியாத அம்மூதாட்டி அதனைத் தாமாகவே செய்துகொண்டிருந்தார். பதினொரு நாட்கள் அவர் பூனையைக் கண்ணாற் காணவில்லை. காலையில் கிண்ணம் காலியாக இருப்பதே அது உயிரோடிருப்பதற்கு அடையாளம்.

பன்னிரண்டாம் நாள் நாம் அங்கே சென்றோம். இனிச் சொல்வது நம் பிழை. "எப்படியிருக்கின்றது, பார்ப்போம்" என்ற ஆவலால் உள்ளறைக்குட் புகுந்து கூடையினுள் டார்ச் விளக்கை அடித்தோம். பூனை சீறிப் பாய்ந்து மூட்டைகளின் பின்னே மறைந்தது. வெளியே காற்றில் பனையோலை சடசடத்தது. உள்ளே அது நடுங்கியது. அன்று முதல் ஐந்து நாட்கள் கிண்ணத்து உணவு பாதி கூடக் குறையவில்லையாம். அம்மையார் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டு மோர் கொணர்ந்து கொடுத்தார். அந்த மோர் நமக்கு எளிதில் உள்ளே இறங்கவில்லை.

வழிநெடுக நம்மை நாமே வினவிக்கொண்டோம். நம்மை அவ்வறைக்குள் செலுத்தியது கருணையா? அன்று. நாம் செய்த புண்ணியத்தின் பலனைக் கண்ணால் காணவேண்டுமென்ற ஆசையே. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் விசுத்திமார்க்கத்தை இயற்றிய புத்தகோஷ ஆசாரியர், மைத்திரிக்குப் பகைவர் இருவர் என்கின்றார். தொலைவிலுள்ள பகைவன் துவேஷம். அவனை எளிதில் அடையாளங் காணலாம். அருகிலுள்ள பகைவன் பற்று. அவன் மைத்திரியின் வேடமணிந்தே நிற்பான். பூனையைச் சாக்கில் கட்டியவன் முதற்பகைவனுக்கு ஆட்பட்டான். கட்டிலின் கீழிருந்து இழுத்தவரும், விளக்கடித்த நாமும் இரண்டாம் பகைவனுக்கு ஆட்பட்டோம். "நான் உன்னை நேசிக்கின்றேன், ஆகவே நீ இப்போதே என்னிடம் வா" என்பது நேசமன்று, வசூல். அஞ்சிய உயிருக்கு நீட்டப்படும் கை, அது எத்துணை அன்புடையதாயினும், இன்னொரு கையே. நீட்டாமல் வைத்திருக்குங் கையே அதற்கு அபயமளிக்கும்.

நமது மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரனை நினைவுகூர்வோம். பெற்ற தாய் தோட்டத்தில் விட்டுச் சென்ற அக்குழவியை ஏழு நாட்கள் ஒரு பசு பாலூட்டிக் காத்தது. பின்னர் இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்துச் சென்று மகனாக வளர்த்தான். வளர்ந்தபின், வேள்விக்கென்று கட்டப்பட்டு அஞ்சி நின்ற பசுவைக் கண்டு, இரவோடிரவாக அதனை விடுவிக்கத் துணிந்தான் அவன். கைவிடப்பட்டவனுக்குக் கிடைத்த அபயம் வேறோர் உயிருக்கு அபயமாக மலர்ந்தது.

அண்மைக் காலத்திலும் இவ்வறம் நம் நாட்டில் வேரூன்றியே உள்ளது. 1959ஆம் ஆண்டு சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் அவர்கள் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை வீட்டுக்கு எடுத்துச் சென்றதிலிருந்தே இந்திய புளூ கிராஸ் தொடங்கியது. ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் எழுப்பிய குரலைத் தொடர்ந்து 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. பசியாலும் தாகத்தாலும் வருந்தும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது குற்றமென்று அதன் 11ஆம் பிரிவு கூறுகின்றது. சாக்கில் கட்டுவோர் இதனை அறிக. ஆனால் சட்டம் கைவிடுவதைத் தடுக்கலாம். காத்திருக்கக் கற்பிக்க இயலாது. அதைச் சீலமும் பாவனையுமே கற்பிக்கும்.

அஞ்சிய பூனையை ஏற்போர் எச்சரிக்கையையும் மறத்தலாகாது. வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடைச் சிகிச்சையும் முன்னரே செய்விக்க வேண்டும். கடித்தாலோ கீறினாலோ சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்க. கருணையும் விழிப்பும் சேர்ந்தே நடக்கவேண்டும்.

மூன்று மாதங்களுக்குப் பின், அழைப்பின் பேரில் மீண்டும் வடகரப்பதி சென்றோம். இம்முறை திண்ணையோடு நின்றோம். மாலை விளக்கேற்றி, அம்மையார் கடலை உரிக்க அமர்ந்தார். சற்று நேரத்தில் சாம்பல் நிறப் பூனை உள்ளிருந்து வந்து, அவருக்கு ஒரு முழத் தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு அமர்ந்தது. காற்றெழுந்து பனையோலை சடசடத்தது. பூனையின் ஒரு செவி மட்டும் திரும்பிற்று, அது எழவில்லை.

"மடிக்கு வருமா?" என்று நம்முள் ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"வராட்டி என்னங் கண்ணு? முதுகைக் காட்டிட்டு உக்காருதே, அது போதாதா?" என்றார் அம்மையார்.

பகைவனுக்கு எவ்வுயிரும் முதுகைக் காட்டி அமராது. அந்த ஒரு முழத் தூரத்தில் நாம் அபயதானத்தின் முழுவடிவையும் கண்டோம்.

உபாசக உபாசிகைகளே! உங்கள் இல்லத்தின் மூலையிலும் அஞ்சிய உயிர் ஒன்று இருக்கலாம். அது பூனையாகவே இருக்கவேண்டுமென்பதில்லை. புதிதாக வந்த மருமகளாக இருக்கலாம். பள்ளியில் அடிபட்டு வந்த சிறுவனாக இருக்கலாம். சொற்களை மறந்துவிட்ட முதியவராக இருக்கலாம். விளக்கடித்துப் பார்க்காதீர்கள். வாயிற்படியில் உங்கள் வேலையைச் செய்துகொண்டு அமர்ந்திருங்கள். வருவது வரும் நாளில் வரும்.

எவ்வுயிரும் அச்சம் நீங்கி இனிது வாழ்க!