பூமிக்குள்ளே ஓர் உப்புக் கோவில்



உப்பு ஜாடியை மூடாமல் வைத்தால் என்ன ஆகும் என்பதை நம் தாய்மார்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மழைக் காலத்தில் இரண்டொரு நாளிலேயே உப்பு கசிந்து, ஜாடியின் அடியில் நீர் கட்டிக் கொள்ளும். திருடன் வரவில்லை, எலி இழுக்கவில்லை. காற்றில் இருந்த ஈரம் ஓசையின்றித் தன் வேலையைச் செய்து விட்டது. இந்தச் சிறு காரியத்தை மனதில் வைத்துக் கொண்டு, இந்த ஞாயிறு என்னோடு ஒரு தூர தேசத்துக்கு வாருங்கள்.

போலந்து தேசத்திலே கிராக்கோவ் நகருக்கு அருகில் வியெலீச்கா என்றொரு சிற்றூர் உண்டு. நமக்கு உப்பு என்றால் கடல். கடல் நீரைப் பாத்தியில் தேக்கி வெயிலில் காய விடுகிறோம். அந்த ஊராருக்கோ உப்பு பூமிக்குள்ளே பாறையாகக் கிடைத்தது. ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் அங்கே கிடந்த கடல் ஒன்று வற்றி, அதன் உப்பு மண்ணுக்கு அடியில் படிந்து இறுகிப் போயிற்று. 13-ம் நூற்றாண்டு முதல் மனிதர் அதை வெட்டி எடுக்கத் தொடங்கினார்கள். வெட்டி வெட்டி, 9 அடுக்குகளாக 327 மீட்டர் ஆழம் வரை போனார்கள். அந்தப் பாதைகளையெல்லாம் நீட்டி அளந்தால் இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் வரும். 1996-ம் ஆண்டில் விற்பனைக்காக உப்பு வெட்டுவது நின்று போயிற்று. இப்போது அது பெரும்பாலும் காட்சிசாலை. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான மக்கள் உலகெங்கிலுமிருந்து வந்து பார்க்கிறார்கள். 1978-ம் ஆண்டிலேயே ஐக்கிய நாடுகளின் கல்வி, பண்பாட்டு நிறுவனமான யுனெஸ்கோ அதை உலகப் பொதுச் சொத்துக்களில் ஒன்றாகப் பதிவு செய்தது.

வாருங்கள், இறங்குவோம். மரப் படிகள் ஏறக்குறைய 380. அவ்வளவும் இறங்கினால் 64 மீட்டர் ஆழத்தில் முதல் தளம். கோடையானாலும் குளிரானாலும் அங்கே வெப்பம் அதிகம் மாறுவதில்லை. சுவர் உப்பு, கூரை உப்பு, காலடியில் மிதிபடுவதும் உப்பு. வெள்ளை வெளேரென்று இருக்கும் என்று நினைத்து விடாதீர்கள். கருங்கல்லைப் போலச் சாம்பல் நிறமாய் இருக்கும். பெரிய மரக் கட்டைகள் கூரையைத் தாங்கி நிற்கின்றன. குதிரைகள் சுற்றிச் சுற்றி இழுத்த பழைய இராட்டினங்களும் கயிறுகளும் கருவிகளும் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. 1951-ம் ஆண்டில் அங்கே காட்சிசாலை ஏற்பட்டபோது, அழிந்து போக இருந்த இந்தப் பொருள்களைத் தேடிச் சேர்த்தவர் அல்போன்சு துவுகோஷ் என்னும் சித்திரக்காரர்.

ஓரிடத்தில் சில உருவங்களைப் பார்ப்பீர்கள். மனிதர்கள் தரையோடு தரையாகத் தவழ்ந்து போகிறார்கள். கையில் நீண்ட கழி, கழியின் முனையில் தீப்பந்தம். இவர்களைப் "பரிகாரிகள்" என்று சொல்லுவார்கள், அதாவது தவசு செய்கிறவர்கள் என்று பொருள். சுரங்கத்தில் கூரையை ஒட்டி எரியும் வாயு சேர்ந்து கொள்ளும். விளக்கோடு பத்துப் பேர் உள்ளே போனால் வெடித்து அத்தனை பேரும் மடிய நேரிடும். ஆகையால் நனைந்த துணியைப் போர்த்திக் கொண்டு ஒரு சிலர் முன்னே தவழ்ந்து போய், பந்தத்தை உயர்த்தி அந்த வாயுவை எரித்து விடுவார்கள். அதன் பிறகுதான் மற்றவர்கள் வேலைக்குப் போவார்கள். பெற்றோர்களே, அந்த உருவத்தின் முன் சற்று நில்லுங்கள். பிள்ளைகள் நடக்கப் போகிற வழியிலே முந்திப் போய் ஆபத்தைத் தன்மேல் ஏற்றுக் கொள்ளுகிறவன் எவனோ, அவனே தகப்பன். பிள்ளையை முன்னே அனுப்பி விட்டு, "நீ கோவிலுக்குப் போ, நான் பிறகு வருகிறேன்" என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவனை என்னவென்று சொல்ல?

இப்படி ஆபத்தின் நடுவே பிழைத்தவர்கள், தங்கள் சர்வேசுரனை மேலே ஊரில் விட்டு விட்டுக் கீழே இறங்க மனமற்றவர்களாய் இருந்தார்கள். ஆகவே பூமிக்குள்ளேயே கோவில்களைக் குடைந்தார்கள். கீழேயே பூசை கண்டார்கள், ஜெபம் செய்தார்கள். எதிரே வருகிறவனைப் பார்த்து, "கடவுள் துணை செய்வாராக" என்று வாழ்த்துவது போலந்து சுரங்கத் தொழிலாளரின் வழக்கம். மாலையில் மறுபடி வெயிலைக் காண்போமா என்று அறியாதவன் வாயில் இந்த வாழ்த்து வெறும் உபசாரமாய் இருக்க முடியுமா?

அந்தக் கோவில்களில் எல்லாவற்றிலும் பெரியது அர்ச். கிங்கா கோவில். கிங்கா ஹங்கேரி அரசன் நான்காம் பேலாவின் குமாரத்தி. போலந்தின் போலெஸ்லாவ் என்னும் அரசகுமாரனுக்கு வாழ்க்கைப்பட்டு, அவன் இறந்த பின் கிளாரம்மாள் சபை மடத்தில் சேர்ந்து, 1292-ம் ஆண்டில் மரித்தாள். தன் தகப்பனிடம் சீதனமாக ஓர் உப்புச் சுரங்கத்தைக் கேட்டு, அதிலே தன் மோதிரத்தைப் போட்டாள் என்றும், போலந்துக்கு வந்து தோண்டச் சொன்ன இடத்தில் முதலில் வெளிவந்த உப்புக் கட்டியை உடைத்தபோது அந்த மோதிரம் அதற்குள் இருந்தது என்றும் பரம்பரைக் கதை ஒன்று உண்டு. இதை விசுவாச சத்தியமாக ஏற்க வேண்டும் என்று திருச்சபை கேட்கவில்லை. ஆனால் பொன்னையும் பட்டையும் கேட்காமல், ஏழை எளியவன் கஞ்சிக்கு உதவும் உப்பைக் கேட்டாள் என்று ஒரு ஜனம் தன் அரசியைப் பற்றிச் சொல்லி வருமானால், அவள் எப்படிப்பட்டவளாய் வாழ்ந்திருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். அர்ச். இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பானவர் 1999-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி அவளுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

அவள் பெயரால் விளங்கும் கோவில் 101 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. நீளம் 54 மீட்டர். பீடம் உப்பு, சுரூபங்கள் உப்பு, பிரசங்கத் தொட்டி உப்பு. மேலிருந்து தொங்கும் விளக்குக் கொத்துக்களில் பளிங்காக மின்னுவதும் உப்பே. சுவரில் சேசுநாதருடைய சரித்திரம்: எகிப்துக்கு ஓடிப் போனது, கானாவூர்க் கலியாணம், கடைசி இராப்போசனம், சந்தேகப்பட்ட தோமையார். இதைச் செய்தவர்கள் யார்? இராசாக்கள் வரவழைத்த பெரிய சிற்பிகள் அல்லர். சுரங்கத்தில் உழைத்தவர்களே. 1896-ம் ஆண்டில் யோசேப் மார்க்கோவ்ஸ்கி தொடங்கினார். அவருக்குப் பின் அவர் தம்பி தொமாஸ். அவருக்கும் பின் அந்தோணி விரோடெக், 1963-ம் ஆண்டு வரை. ஒருவன் ஆயுளில் முடியாத வேலை. முடியாது என்று தெரிந்தும் ஒருவன் தொடங்கினான், மற்றவன் உளியை வாங்கிக் கொண்டான். நம் வீடுகளில் பாட்டன் தொடங்கிய ஜெபத்தை மகன் வாங்கிக் கொண்டானா? பேரன் கையில் அது வந்து சேருமா?

பிரியமானவர்களே, இப்போது நான் சொல்ல வந்த காரியத்துக்கு வருகிறேன். அதே சுரங்கத்தில் அர்ச். அந்தோணியார் கோவில் ஒன்று இருக்கிறது. 17-ம் நூற்றாண்டின் இறுதியில் குடையப்பட்டது. அங்கே உள்ள சுரூபங்கள் சிலவற்றுக்கு இன்று முகம் இல்லை. மூக்கும் கண்ணும் விரல்களும் கரைந்து, மழையில் நின்ற மண் பொம்மையைப் போல் ஆகி விட்டன. பகைவர் உடைத்தார்களோ? இல்லை. வேத விரோதிகள் சிதைத்தார்களோ? அதுவும் இல்லை. மேலே வெளியிலிருந்து இறங்கி வந்த ஈரக் காற்றுதான் ஆண்டாண்டாகத் தடவித் தடவி அவைகளைக் கரைத்தது.

1992-ம் ஆண்டில் ஒரு சுரங்கவழியில் திடீரென்று தண்ணீர் பீறிட்டுப் புகுந்தது. எல்லோரும் அலறி ஓடி வந்தார்கள், இரவு பகலாய் உழைத்து அடைத்தார்கள். வெள்ளம் வந்தால் எவனும் விழித்துக் கொள்ளுவான். ஈரம் வந்தாலோ ஒருவனும் விழிப்பதில்லை. நம் ஆத்துமத்திலும் அப்படியே. கொலை, களவு, விபசாரம் என்றால் வீடே நடுங்குகிறது. ஆனால் மாலை ஜெபம் நின்று போன நாள் எதுவென்று உங்களில் எத்தனை குடும்பங்களுக்கு நினைவிருக்கிறது? ஒரு நாள் விருந்தாளி வந்தார்கள்; நின்றது. பிள்ளைக்குப் பரீட்சை, நின்றது. தகப்பனார் வேலையிலிருந்து களைத்து வந்தார், நின்றது. பிறகு தொலைக்காட்சியில் ஒரு கதை. கையிலே ஆளுக்கொரு போன். இவற்றில் எதுவும் சாவான பாவம் அல்ல என்று சொல்லுவீர்கள். மெய்தான். ஈரக் காற்றும் சம்மட்டி அல்லவே! ஆனாலும் முகம் போய் விட்டது. ஆணியில் தொங்குகிற ஜெபமாலை, மாடத்தில் தூசி படிந்த திரு இருதயப் படம், பெட்டிக்கடியில் பாட்டியின் ஜெபப் புத்தகம். வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்ட நன்றாய்த்தான் இருக்கும். அது வீடோ, காட்சிசாலையோ?

உப்பு சாரம் அற்றுப் போனால் மிதிபடுவதற்கே ஆகும் என்று நமதாண்டவர் மலைப் பிரசங்கத்தில் எச்சரித்தது இதைத்தான். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நம் பெரியவர்களும் சொன்னார்கள். 1969-ம் ஆண்டில் சடங்கு மாறுமுன் ஞானஸ்நானம் பெற்ற உங்கள் நாவிலே குருவானவர் உப்பு வைத்தார். இன்றும் தீர்த்தம் மந்திரிக்கையில் உப்பைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்றால், ஆண்டவருடைய வீட்டில் உப்புத் தின்ற நாம் அவரை எத்தனை நாள் நினைப்போம்?

"அப்படியானால் உலகத்தை விட்டு ஒதுங்கி விடலாமா சாமி?" என்று கேட்பீர்கள். வேண்டாம். வியெலீச்காவில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். ஈரத்தால் வந்த கேட்டினால் 1989-ம் ஆண்டில் அந்தச் சுரங்கம் ஆபத்தான நிலையில் உள்ள இடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்காக வாசலைப் பூட்டி வைக்கவில்லை. உள்ளே போகும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும் இயந்திரங்களை வைத்தார்கள். 1998-ம் ஆண்டில் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. காற்று வராமல் தடுக்க முடியாது. ஈரத்தை நாள்தோறும் நீக்கலாம். கிறீஸ்தவனுக்கு அது மாலை ஜெபம், ஞாயிறு பூசை, பாவசங்கீர்த்தனம். இவைகளைப் பண்டிகைக்குப் பண்டிகை மட்டும் செய்தால் போதாது. இயந்திரத்தை வருஷத்துக்கு ஒரு முறை ஓட்டினால் சுரூபம் தப்புமா?

இன்னும் ஒன்று. உப்பு கரையாமலே இருக்க வேண்டும் என்பதும் ஆண்டவருடைய சித்தம் அல்ல. குழம்பில் கரைகிற உப்பும் இருக்கிறது, ஈரத்தில் கரைகிற உப்பும் இருக்கிறது. முந்தியது பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் ருசி கொடுத்து மறைகிறது. பிந்தியது ஒருவருக்கும் உதவாமல் நீராய்ப் போகிறது. வியாதிக்காரனுக்காக இரவில் கண் விழிக்கிற தாய், கடன்பட்ட அண்டை வீட்டானுக்குக் கை கொடுக்கிறவன், பங்காளியோடு தீராத சண்டையைத் தானே முந்திப் போய்த் தீர்க்கிறவன், இவர்களும் கரைகிறார்கள். அந்தத் தவழ்ந்து போன மனிதனும் அப்படியே கரைந்தான். எப்படியும் நாம் கரைந்தே தீருவோம். எங்கே கரைவது என்பதை மட்டும் சர்வேசுரன் நம் கையில் விட்டிருக்கிறார்.

அந்தச் சுரங்கத்தில் உப்பு வெட்டுவது நின்று விட்டது. குதிரைகள் இல்லை, இராட்டினம் சுற்றவில்லை. ஆயினும் அர்ச். கிங்கா கோவிலில் ஞாயிறுதோறும் பூசை நடக்கிறது. முழந்தாளிடுகிற ஜனம் இருக்கிற வரையில் அது வெறும் காட்சிசாலை ஆகாது.

ஆகையால் இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். எந்த நேரத்தில் எல்லோரும் வீட்டில் இருப்பீர்கள் என்று இன்றைக்கே பேசி முடிவு செய்யுங்கள். அந்த நேரத்தில் போனை ஒரு பக்கம் வைத்து விட்டுப் படத்தின் முன் விளக்கேற்றுங்கள். 53 மணி ஜெபமும் சொல்ல முடியாவிட்டால் பத்து மணி சொல்லுங்கள். தாயாரும் பிள்ளைகளும் தொடங்கட்டும் என்று காத்திராமல் தகப்பனாரே முதலில் முழந்தாளிடட்டும். வேலைக்காக வெளியூர் போன மகனோ மகளோ இருந்தால், அதே நேரத்தில் அவர்களும் அங்கிருந்தே சொல்லும்படி கேட்டுக் கொள்ளுங்கள். பாவசங்கீர்த்தனம் செய்து நெடுநாள் ஆனவர்கள் சனிக்கிழமை மாலை கோவிலுக்கு வாருங்கள், நான் உட்கார்ந்திருப்பேன்.

பூமியின் ஆழத்திலும் தம்மைத் தேடினவர்களைக் கைவிடாத சேசுநாதர், தேவமாதாவின் வேண்டுதலினாலும் அர்ச். கிங்காவின் மன்றாட்டினாலும் உங்கள் குடும்பங்களைச் சாரம் குன்றாமல் காப்பாராக. ஆமென்.