படிக்கட்டு வரை எட்டும் வைஃபை

2020 ஜூலையில் நான் ஒரு பொய் சொன்னேன். சின்னப் பொய்தான்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைப் பக்கம் எங்கள் ஃப்ளாட். வீட்டு வேலைக்கு வருகிற அம்மா ரொம்பத் தயங்கிக் கேட்டார். ''சார், உங்க வைஃபை பாஸ்வேர்டு குடுத்தீங்கன்னா பையன் கீழ படிக்கட்டுல உக்காந்து பாத்துப்பான். ஸ்கூல்ல வாட்ஸப்புல வீடியோ அனுப்புறாங்க. நெட்டு காலையிலேயே தீந்துடுது.'' பையன் எட்டாம் வகுப்பு.

''நெட்டே ஸ்லோவா இருக்கும்மா. பாப்பா கிளாஸே கட் ஆகுது'' என்றேன்.

ஸ்லோவெல்லாம் இல்லை. உள்ளே என் பெண்ணின் கணக்கு கிளாஸ் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கும்.

கல்வி கொடுக்கக் கொடுக்கக் குறையாது என்று ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தார்கள். வாஸ்தவம். டேட்டா குறையுமே! திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி மந்திரத்தை ஊருக்கே சொன்னாராம் ராமானுஜர். கேட்க வந்தவர்களுக்குக் காது இருந்தால் போதும். அவர் சந்நிதி இருக்கிற ஊரில்தான் நான் பாஸ்வேர்டைப் பொத்தி வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மார்ச் 17 அன்று தமிழ்நாட்டில் பள்ளிகளை மூடினார்கள். முதலில் மாசக் கடைசி வரைதான் என்றார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தது 2021 நவம்பர் 1-ல். நடுவில் டாஸ்மாக் 2020 மே மாதமே திறந்தாச்சு. கோயில் செப்டம்பரில், தியேட்டர் நவம்பரில். நோய் பயம் நியாயம்தான், இரண்டாவது அலையைப் பார்த்தவர்கள் யாரும் அதைக் கேலி செய்ய மாட்டார்கள். ஆனால் எதை முதலில் திறப்பது என்று வந்தபோது பள்ளிக்கூடம் வரிசையில் கடைசியில் நின்றது. குழந்தைகள் சண்டை போட மாட்டார்கள் இல்லையா!

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. 2006-ல் கொடுக்க ஆரம்பித்த இலவச கலர் டி.வி-க்கு இப்படியும் ஒரு வேலை வரும் என்று யார் நினைத்தார்கள்? ஆனால் டி.வி. பாடம் சொல்லும். 'சார், புரியலை' என்றால் அதற்குக் கேட்காது.

தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் சிநேகிதியிடம், ''எல்லாருக்கும் கிடைக்காத படிப்பைச் சிலருக்கு மட்டும் கொடுக்கலாமா?'' என்று கேட்டேன். ''நான் கிளாஸை நிறுத்திட்டா அந்தப் பையனுக்கு என்ன லாபம்?'' என்று திருப்பிக் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

கிளாஸை நடத்தியது தப்பில்லை. வேறொன்றுதான் உறுத்துகிறது. வகுப்பறையில் ஒருத்தன் வரவில்லை என்றால் பெஞ்சில் ஓர் இடம் காலியாகக் கிடக்கும். பக்கத்துப் பையன் 'அவனுக்கு ஜுரம் டீச்சர்' என்பான். திரையில் காலி இடமே கிடையாது. ஒருத்தர் வராவிட்டால் மற்ற கட்டங்கள் நகர்ந்து அடைத்துக்கொள்ளும். என் பெண்ணின் வகுப்பிலேயே சில வாரங்களில் நாலைந்து பேரைக் காணோம். யார் யார் என்றேன். அவளுக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை.

அந்த செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், ஏழைப் பிள்ளைகளுக்குக் கருவியும் இன்டர்நெட்டும் பள்ளிகளே கொடுக்க வேண்டும் என்றது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. கோர்ட்டுக்கே அது சிக்கலான கணக்கு.

நான் பி.காம். பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு என்பது முதல் பாடம். அந்த மாச இன்டர்நெட் பில்லைப் 'படிப்புச் செலவு' என்று எழுதி வைத்தேன். தராமல் விட்டதை எங்கே எழுத? பேரேட்டில் அதற்குப் பக்கமே இல்லை.

பத்து நாள் கழித்து, மனசு கேட்காமல் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினேன். அந்த அம்மா சிரித்தார். ''இப்ப எதுக்கு சார்? அவன் மாமாகூட ஜி கார்னருக்குப் போறான். வெங்காயம் பொறுக்குறதுக்கு.'' காந்தி மார்க்கெட்டின் மொத்த வியாபாரத்தை அப்போது அந்த மைதானத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

கதை சோகமாக முடியவில்லை. அதில் என் புண்ணியம் எதுவும் கிடையாது. அவனுடைய டீச்சர் ஒருநாள் ஸ்கூட்டியில் கொள்ளிடக் கரை வரை வீடு தேடிப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தெருப் பிள்ளைகள் ஆறு பேரைத் திண்ணையில் தள்ளித் தள்ளி உட்கார வைத்துக் கணக்கு நடத்தினார். 2021 செப்டம்பர் 1-ல் பள்ளி திறந்தபோது அவன் ஒன்பதாம் வகுப்புக்குப் போனான்.

துண்டுச் சீட்டு ரொம்ப நாள் என் சட்டைப் பையிலேயே இருந்தது.