பிற சமயங்களை எவ்வாறு அறிவது?

கொச்சி நகரின் வைட்டிலாச் சந்திப்பை அறியாத பயணி அரிது. நெடுஞ்சாலையும் நகரச் சாலைகளும் அங்கே ஒன்றையொன்று கடக்கின்றன. பேருந்து நிலையம், 2019இல் வந்த மெட்ரோ ரயில் நிலையம், 2023இல் தொடங்கிய நீர்வழி மெட்ரோவின் படகுத்துறை ஆகிய மூன்றும் அங்கே அருகருகே அமைந்துள்ளன. எத்திசையிலிருந்து வந்தவரும் எத்திசைக்கும் செல்லலாம். ஆயினும் ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு வண்டியில்தான் ஏற முடியும்.

அந்தப் பகுதியில் ஓர் அன்பரின் இல்லத்தில் நடைபெற்ற சத்சங்கத்தின் முடிவில், தமிழ்நாட்டிலிருந்து வந்து அங்கே குடியேறிய தாயார் ஒருவர் தயக்கத்துடன் எழுந்தார். "சுவாமிஜி, என் மகன் பௌத்த நூல்களையும் சீன தேசத்து ஞான நூல்களையும் படிக்கிறான். பத்து நாள் மௌன முகாமுக்கும் போய் வந்தான். அன்று முதல் பூஜையறைக்கு வருவதில்லை. விளக்கேற்றச் சொன்னால் புன்னகைத்துவிட்டுப் போகிறான். எல்லா மதமும் ஒன்றுதான் என்று நீங்கள் சொல்கிறீர்கள். அப்படியானால் எனக்கு ஏன் இத்தனை வேதனை? அவனை நான் இழந்துவிட்டேனா?" என்று கேட்டார். சபை மௌனமாயிற்று.

இக்கேள்விக்கு எளிய விடைகள் இரண்டு உண்டு. 'எல்லாம் ஒன்றே, கவலை வேண்டாம்' என்பது ஒன்று. 'பிள்ளையைக் கண்டித்து வையுங்கள்' என்பது மற்றொன்று. முதல் விடை அத்தாயின் வேதனையை மதிக்கவில்லை. இரண்டாவது விடை மகனின் தேடலை மதிக்கவில்லை. இரண்டையும் சொல்பவருக்கு அம்மகன் எதைப் படிக்கிறான் என்று அறிந்துகொள்ளும் அவசியமே இல்லை. அறியாமலே ஏற்பதும் அறியாமலே மறுப்பதும் ஒரே சோம்பலின் இரு வடிவங்கள்.

பிற சமயங்களை அறிய முற்படுவது தமிழருக்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில், அந்த இளம் துறவி சேரநாட்டு வஞ்சி மாநகரில் வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதிகள் எனப் பல சமயக்கணக்கரையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். ஒவ்வொருவரும் தம் கொள்கையைத் தாமே எடுத்துரைக்கின்றனர். கேட்டு முடித்த பின்னர் அவள் காஞ்சி சென்று அறவண அடிகளிடம் தருமம் பயில்கிறாள். காப்பியம் அத்துடன் முடியவில்லை. இறுதிக் காதையில் அவள் நோன்பு மேற்கொள்கிறாள். கேட்டல், தெளிதல், நோற்றல் என்ற இந்த வரிசையை மனத்தில் இருத்துவோமாக.

அதே சேரநாட்டு மண்ணில், வைட்டிலாவிலிருந்து மெட்ரோவில் ஏறினால் மறுமுனையில் உள்ள ஆலுவாவில், 1924ஆம் ஆண்டு மார்ச் 3, 4 ஆகிய சிவராத்திரி நாட்களில் ஒரு சர்வமத மாநாடு கூடிற்று. கூட்டியவர் ஸ்ரீ நாராயண குரு. இடம், பெரியாற்றங்கரையில் அவர் 1913இல் நிறுவிய அத்வைத ஆசிரமம். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய சதாசிவ ஐயர் தலைமை வகித்தார். இந்து, பௌத்த, கிறிஸ்தவ, இஸ்லாமிய சமயங்களைப் பற்றி அறிந்தோர் பேசினர். வாதம் புரிந்து வெல்வதற்காக அன்று, அறிந்துகொள்வதற்கும் அறிவிப்பதற்குமே இக்கூட்டம் என்ற பொருள்பட அங்கே எழுதி வைக்கப்பட்டிருந்தது.

அக்காலச் சூழலை எண்ணிப் பார்க்க வேண்டும். 1921இன் மலபார்க் கலவரம் ஏற்படுத்திய புண் ஆறவில்லை. சாதிக்கொடுமை தாளாத மக்கள், பௌத்தத்துக்குச் செல்வதா, கிறிஸ்தவத்துக்குச் செல்வதா என விவாதித்துக்கொண்டிருந்தனர். மாநாடு முடிந்து நான்கு வாரங்கள் நிறைவதற்குள், மார்ச் 30 அன்று, கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காக வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. அத்தகைய நேரத்தில் குரு எச்சமயத்தையும் பழிக்கவில்லை. யாரையும் எங்கும் செல்லத் தூண்டவுமில்லை. முதலில் அறிந்துகொள்ளுங்கள் என்றார். அனைத்துச் சமயங்களையும் கற்பிக்கும் ஒரு கலாசாலை சிவகிரியில் அமைய வேண்டும் என்றும் விரும்பினார்.

வைட்டிலாவிலிருந்து எறணாகுளம் நோக்கிச் செல்லும் சாலைக்கு அவருடைய சீடர் சகோதரன் அய்யப்பனின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 1917இல் செறாயியில் சமபந்தி விருந்து நடத்திச் சாதிக்கட்டை உடைத்தவர் அவர். மனிதர்க்குச் சாதியும் சமயமும் தெய்வமும் ஒன்றே என்று குரு உபதேசிக்க, சீடரோ அம்மூன்றுமே வேண்டாம் என்றார். குரு அவரைத் தள்ளிவிடவில்லை. தாய்மார்களும் தந்தைமார்களும் சிந்திக்க வேண்டிய இடம் இது.

ஆனால் மகன்மார்களும் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. அதற்கு மட்டாஞ்சேரிக்குச் செல்வோம். 1568இல் எழுப்பப்பட்ட பரதேசி யூத ஆலயம் அங்கே கொச்சி அரசரின் அரண்மனைக் கோயிலை ஒட்டி நிற்கிறது. சற்றுத் தொலைவில் கொங்கணியரின் திருமலை தேவஸ்தானமும், குஜராத்தி சமணரின் தருமநாதர் ஆலயமும், பள்ளிவாசல்களும், தேவாலயங்களும் உள்ளன. யூத ஆலயத்தின் தரையில் பதித்த சீனத்து நீலநிறப் பீங்கான் ஓடுகளைக் காண எங்கெங்கிருந்தோ மக்கள் வருகின்றனர். ஆயினும் அங்கே வழிபட்டு வந்தோரில் பெரும்பாலோர் 1948க்குப் பின் இஸ்ரேல் சென்றுவிட்டனர். யூத மரபின்படி முழுமையான கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆடவர் வேண்டும். காண வருவோர் நூற்றுக்கணக்கில் இருந்தும், தொழுவதற்குப் பத்துப் பேர் இல்லை. ஓடுகளின் அழகு குறையவில்லை. ஆனால் ஓர் ஆலயத்தை வாழவைப்பது ஓடுகள் அல்ல என்பதை அந்த அமைதி நமக்கு உணர்த்துகிறது.

சமய நூல்களைப் படிப்போர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே: நான் காண வந்தவனா, தொழ வந்தவனா? இன்று புத்தர், நாளை லாவோ த்சு, மறுநாள் சூஃபி ஞானியர் என்று பக்கங்களைப் புரட்டுவது எளிது. எந்த ஞானியின் வாக்கு அதிகாலையில் நம்மை எழுப்பியது, எது நம் கோபத்தைக் குறைத்தது என்று பார்த்தால் உண்மை விளங்கும்.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் 1866இல் இஸ்லாமிய நெறியில் சாதனை செய்தபோது, அந்நாட்களில் அல்லாவின் நாமத்தை ஜபித்தார். காளி கோயிலுக்குள் செல்லவில்லை. 1874இல் ஏசுபிரானின் நினைவில் ஆழ்ந்தபோதும் அவ்வாறே. பிற நெறியை அவர் நூலகத்தில் கற்கவில்லை. தம் உள்ளத்திலும் உடலிலும் வாழ்ந்து பார்த்தார். அதற்கு முன்னரே ஒரு நெறியில் அடிவரை சென்றிருந்தார் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. இங்கே மூன்றடியும் அங்கே நான்கடியும் தோண்டுபவன் நீர் காண்பதில்லை என்பது நம் முன்னோர் அறிந்த உண்மை.

மேலும், சமயங்களிடையே வேறுபாடே இல்லை என்று சொல்வதும் அவற்றுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நிலையான ஆத்மா என்று ஒன்றில்லை என்கிறது பௌத்தம். ஆத்மாவே பிரம்மம் என்கிறது வேதாந்தம். இவ்வேறுபாட்டுக்காக அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டுள்ளனர். எனினும் 'நான்', 'எனது' என்ற பற்று அறவேண்டும் என்பதில் இரண்டும் கைகோக்கின்றன. தியானம் என்ற நம் சொல்லே சீனத்தில் சான் என்றும் ஜப்பானில் ஸென் என்றும் ஆயிற்று. அந்நெறியைச் சீனத்துக்குக் கொண்டுசென்ற போதிதருமர் காஞ்சியிலிருந்து சென்றவர் என்பது மரபுச் செய்தி. அயல்நாட்டுச் சரக்கு என்று அத்தாய் அஞ்சியது, ஒரு காலத்தில் நம் ஊரிலிருந்து புறப்பட்டதாகவும் இருக்கக்கூடும்.

அன்று அத்தாயாரிடம் சொல்லப்பட்டது சுருக்கமே. "அம்மா, விளக்கை நீங்கள் ஏற்றுங்கள், அவனுக்காக அதை நிறுத்தவும் வேண்டாம், அவனை வற்புறுத்தவும் வேண்டாம். அவன் படிப்பது என்ன என்று ஒருநாள் கேளுங்கள். திருத்துவதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக."

சில வாரங்களுக்குப் பின் அவர் மீண்டும் வந்தார். மகன் இன்னும் விளக்கேற்றுவதில்லை என்றார். பிறகு, "ஆனால் சுவாமிஜி, துக்கத்துக்குக் காரணம் ஆசை என்று புத்தர் கண்டதை ஒரு மணி நேரம் எனக்கு விளக்கினான். அவன் என்னிடம் அத்தனை நேரம் பேசிப் பல ஆண்டுகள் ஆகின்றன. எனக்குள்ள ஆசைகளில் ஒன்று அவன் விளக்கேற்ற வேண்டும் என்பது என்று அப்போது புரிந்தது" என்று சொல்லிச் சிரித்தார். கண்களில் நீர் இருந்தது.

நம் நெறியில் ஆழ்ந்து நிற்கும் உறுதியும், பிறர் நெறியைப் பணிவுடன் கேட்கும் செவியும் நம் அனைவருக்கும் வாய்க்கக் குருதேவர் அருள்புரிவாராக.